தலைவரிடம் சொல்லாத கணக்கு

"எல்லாத்தையும் படிச்சுக் காட்டுவீங்களே டீச்சர், இத மட்டும் ஏன் காட்டல?"

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவராக இருந்தவர் கேட்டது. கேட்ட அன்று அவர் தலைவர் இல்லை. மகளுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போய் மாதக்கணக்காகியிருந்தது. நான் ஏதோ பதில் சொன்னேன். அது அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

2022-இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர். அதற்கு முன்பு பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிய கதை நம்மில் பலருக்கும் தெரியும். இவர் தலைவரான பிறகு அது நின்றது. தீர்மானத்தை எழுதி முடித்ததும், "படிங்க டீச்சர், கேட்டுட்டுப் போடுறேன்" என்பார். கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு கேட்ட தீர்மானத்தில் 'ஆவன செய்யுமாறு' என்று எழுதியிருந்தேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, "எந்தத் தேதிக்குள்ளன்னு போடுங்க" என்றார். போட்டோம். அந்தத் தேதியைச் சொல்லியே கிராம சபையில் எழுந்து கேட்டார். குழாய் வந்தது.

அப்படிப்பட்டவர் 2023 ஜூலைக் கடைசியில் ஒரு மதியம் மனுவோடு வந்து நின்றார். சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் அந்தக் குழாயில்தான் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் காரணம் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். திருப்பூரில் வேலை பார்க்கும் கணவர் முடிவு செய்துவிட்டார். தெருவில் எல்லாப் பிள்ளைகளும் வேனில் போகிறார்கள். "எம்புள்ள மட்டும் வாசல்ல நின்னு பாக்குது டீச்சர்." கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் தலைவரா இருக்க முடியாதுல்ல?" என்றார்.

"முடியாதும்மா. இங்க படிக்கிற பிள்ளையோட பெற்றோர்தான் இருக்கலாம்."

தலையை ஆட்டிக்கொண்டார். மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் அந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணைக் காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறுகிறவர்களின் பொதுப் பட்டியலுக்கு, அனுப்பினேன். டி.சி. எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

நான் சொல்லாமல் விட்டது இதைத்தான். அன்று காலை வரை எங்கள் பள்ளியில் 61 பேர். 60 வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்றாவது ஆசிரியர். ஆகஸ்டு முதல் தேதி இருக்கும் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிப்பார்கள். அவர் மகள் போனால் ஒரு பணியிடம் உபரியாகும் என்பது மனுவைக் கையில் வாங்கியபோதே எனக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால்கூட அந்த வருடம் தப்பித்திருக்கும்.

ஆனால் எப்படிச் சொல்வது? கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, கேட்ட உடனே மாற்றுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்கிறது. தாமதித்தால் தலைமை ஆசிரியரான என் மீது ஒழுங்கு நடவடிக்கை. இது பயந்து செய்த காரியமில்லை, அந்தப் பிரிவு சரி என்று நினைப்பவள் நான். டி.சி.யைப் பிடித்து வைத்துக்கொண்டு பெற்றோரை நடையாய் நடக்கவிட்ட பள்ளிகளை நானே பார்த்திருக்கிறேன். அதோடு, ஆசிரியர் குறைந்தால் கஷ்டப்படப்போவது நானும்தான். என் கஷ்டத்தை ஒரு தாயின் முன்னால் வைத்து, "உங்க பிள்ளை போனா ஒரு டீச்சர் போயிடுவாங்க" என்று சொல்வது கெஞ்சலா, மிரட்டலா? எட்டு வயதுக் குழந்தையின் தலையில் ஒரு பணியிடத்தை ஏற்றுவது நியாயமா? அன்று இப்படித்தான் நினைத்தேன். இன்றும் இதில் எதையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

உபரி ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிகளுக்கு மாற்றும் பணிநிரவல் அடுத்து வந்தது. அதில் எங்கள் மூன்றாவது ஆசிரியர் வேறு ஒன்றியத்துக்குப் போனார். ஒன்று முதல் மூன்று வரை, அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பு அவர் கையில்தான் இருந்தது. அதன் தொடக்கப் படியான அரும்பு நிலையில் இருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக மடியருகே உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுப்பார். கிளம்பிய அன்று, எழுத்து அட்டைகளைப் பிள்ளைகளின் பெயர் வாரியாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, யாருக்கு எந்த எழுத்தில் தடுமாற்றம் என்று மேலே எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஆகஸ்டு நடுவில் செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் சேர்ந்து எண்ணிக்கை திரும்ப 61 ஆனதை இங்கே சொல்லியாக வேண்டும். தேதி தாண்டிவிட்டது, பயனில்லை.

செய்தி ஊருக்குள் போனது. காலை உணவு சமைக்கும் அம்மாக்களுக்கு முதலில் தெரியும், அவர்களிடமிருந்து ரேஷன் கடைக்கு. அன்று சாயந்திரமே முன்னாள் தலைவர் வந்துவிட்டார். அப்போதுதான் அந்தக் கேள்வி.

"சொன்னா உங்களக் கட்டாயப்படுத்துற மாதிரி ஆயிடும்மா" என்றேன்.

"அதையும் நான்தானே டீச்சர் முடிவு பண்ணணும்? சொல்லியிருந்தாலும் போயிருப்பேனோ என்னவோ. தெரிஞ்சு போயிருப்பேன்ல."

இந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் சிக்கிக்கொண்டேன். 'ஆவன' என்ற ஒரு சொல்லுக்குத் தேதி கேட்டவர் அவர். அவரிடமிருந்து ஒரு கணக்கை மறைத்தது அவர் மேல் வைத்த மரியாதையா, அல்லது "பாவம், தாங்கமாட்டார்" என்று நானே தீர்மானித்ததா? அன்று மதியம் என் எதிரில் நின்றவர் ஒரே நேரத்தில் தாயும் தலைவரும். தாய்க்குக் கொடுக்க வேண்டியதைச் சட்டப்படி கொடுத்தேன். டி.சி. கைக்குப் போகும்வரை தலைவராகவும் அவர்தான் இருந்தார். அந்தத் தலைவருக்குப் பள்ளியின் எண்ணிக்கையைச் சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் இருவருக்கும் இரண்டு காது இல்லையே. தலைவரிடம் சொன்னால் தாய்க்கும் கேட்கும்.

அடுத்த ஜூனில் இன்னொரு தகப்பனார் டி.சி. கேட்டு வந்தார். இந்த முறை சொன்னேன். உங்களுக்கு இப்போதே தருகிறேன், தடையில்லை, ஆனால் எண்ணிக்கை இப்படி இருக்கிறது என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இருக்கட்டும் டீச்சர், இங்கேயே படிக்கட்டும்" என்று போய்விட்டார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. தெரிந்து முடிவெடுத்தார் என்று சொல்லலாம். என் முகத்துக்காக முடிவெடுத்தார் என்றும் சொல்லலாம். எது என்று அவரிடம் போய்க் கேட்க முடியுமா?

பையன் இப்போது நான்காம் வகுப்பு. தமிழ் நன்றாகப் படிக்கிறான். அப்பா அவனை விட வரும்போதெல்லாம், "இங்கிலீஷ் எப்ப டீச்சர் வரும்?" என்று கேட்கிறார். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்தையும் பார்க்க வேண்டும். மதியம் அரைமணி நேரம் தனியாக வாசிக்கவைக்கிறேன், முடிகிற நாட்களில். அதைத்தான் அவரிடமும் சொல்கிறேன்.