பச்சைக் குடைமிளகாய் விதையை நம்பி ஒரு மாதம் வீணானது

குடைமிளகாயை அரியும்போதெல்லாம் அந்த விதைக்கொத்தைக் குப்பையில் போட எனக்கு மனமே வராது. சென்ற ஆடியில் அதை எடுத்து உலர்த்தி, மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் விதைத்தேன். 25 நாள் விடிந்ததும் தட்டைப் போய்ப் பார்த்ததுதான் மிச்சம். ஒன்றுகூட முளைக்கவில்லை. மண்ணைக் கிளறினால் விதைகள் விரலில் கூழாக நசுங்கின.

நாற்றுப் பண்ணையில் போய்க் கேட்டேன். மண் சரியில்லை என்று சொல்லி ஒரு மூட்டை உரக் கலவையைத் தலையில் கட்டினார்கள். எந்தக் காயிலிருந்து விதை எடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பச்சைக் குடைமிளகாய் பழுக்குமுன் பறித்த காய்; அதன் விதை பெரும்பாலும் முற்றியிருக்காது. விதைக்கென்றால் முழுக்கச் சிவந்த பழம்தான் வேண்டும். இந்த ஒரு வரியை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் ஆடிப்பட்டம் கைநழுவியிருக்காது.

அடுத்த முறை சிவந்த குடைமிளகாய் ஒன்றும், பழுத்த குண்டு மிளகாய் ஒரு கைப்பிடியும் வாங்கினேன். குண்டு மிளகாயை வெறும் கையால் பிளந்துவிட்டு இரவு முழுவதும் துடித்தேன். தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் எரிச்சல் போகாது. காரம் நீரில் கரைவதில்லை. நல்லெண்ணெய் தேய்த்துச் சோப்புப் போட்ட பிறகே அடங்கியது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

விதையைத் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தினேன். வளைத்தால் ஒடிய வேண்டும், அதுதான் பதம். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து குழித்தட்டில் 40 விதை போட்டேன். 9ஆம் நாள் குண்டு மிளகாய் கழுத்தை வளைத்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது; வித்திலையின் நுனியில் விதைத்தோல் இன்னும் ஒட்டியிருந்தது. குடைமிளகாய்க்கு 2 வாரம் ஆயிற்று.

அந்த மகிழ்ச்சியில் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துக் கெடுத்தேன். மண்ணையொட்டிய தண்டு நூல்போல இளைத்து, 3 நாளில் 17 கன்றுகள் சாய்ந்தன. நாற்றழுகல். அதன்பின் மேலே ஒரு சொட்டுகூடத் தெளிக்கவில்லை. தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிட்டேன், காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினேன், அழுகல் பூஞ்சையை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை மண்ணில் கலந்தேன். எஞ்சியவை பிழைத்தன. நடவில் சிக்கல் எதுவும் இல்லை.

குடைமிளகாய்ச் செடிகளில் ஒன்று மட்டும் தாய்க்காயைப் போலக் காய்த்தது; மற்றவை சிறுத்து, கூம்பி, தோல் மெலிந்திருக்கின்றன. கடைக்கு வருவது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம், அதாவது இரண்டு வகைகளைக் கலந்து உண்டாக்கியது; அதன் விதையில் வரும் செடிகள் இப்படித்தான் தாயைப் போலன்றிப் பலவிதமாகப் பிரியும். குண்டு மிளகாய் மட்டும் ஏமாற்றவில்லை.

இரண்டும் அருகருகே நிற்பதால் மகரந்தம் கலந்துவிடலாம். அதனால் அடுத்த விதைக்கென்று ஒரு குண்டு மிளகாய்ச் செடியில் மொட்டு விரியுமுன்பே மெல்லிய துணிப்பை கட்டினேன். பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்து, காம்பில் சிவப்பு நூல் சுற்றினேன். மொத்தம் 4 காய்கள். ரசத்துக்குப் பறிக்கப் போன அம்மாவிடம், "நூல் கட்டியதை மட்டும் தொட்டுவிடாதீர்கள் அம்மா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று ஒன்று தோள்பட்டை வரை சிவந்திருந்தது.