ஹேங்கர் நாட்குறிப்பு: ஃபயர் பாட்டில் வேலை

18 ஜூன் 2024, செவ்வாய். ஓசூர்

பக்ரீத் விடுமுறை முடிந்து காலையில் ஹெலிகாப்டர்களைப் பராமரிக்கும் எங்கள் ஹேங்கருக்குள் நுழைந்ததுமே டெக்னிக்கல் பிரிவிலிருந்து ஒரு தாள் வந்தது. புது ஏ.டி. ஒன்று, இன்ஜின் தீயணைப்பு அமைப்பைச் சோதிக்கச் சொல்கிறது. தீயை உணரும் லூப், அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப், தீயை அணைக்கும் வாயு அடைத்த ஃபயர் பாட்டிலுக்குப் போகும் ஒயரிங் மூன்றையும் பார்க்க வேண்டும். எந்த மாடல், யாருடைய மெஷின் என்பதை இங்கே எழுத மாட்டேன். வாடிக்கையாளர் விஷயம் வெளியே போகக் கூடாது. இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டர் என்ற அளவில் போதும்.

ஏ.டி. என்றால் என்ன என்று இந்தக் குறிப்புகளைப் படிப்பவர்கள் சிலர் முன்பே கேட்டிருந்தார்கள். ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ். ஹெலிகாப்டர் தயாரிக்கும் கம்பெனி, சர்வீஸ் புல்லட்டின் என்று ஒன்று அனுப்பும். அது கம்பெனியின் பரிந்துரை. அதே விஷயத்தை அந்த நாட்டு விமான ஆணையம் கையில் எடுத்து 'செய்தே ஆக வேண்டும்' என்று உத்தரவு போட்டால் அது ஏ.டி. அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவில் இயாசா. இங்கே டி.ஜி.சி.ஏ.வும் அதை நிறைவேற்றச் சொல்கிறது. இத்தனை பறப்பு மணி அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அதற்குள் முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் மெஷின் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பறக்க முடியாது. சில ஏ.டி.க்களில் 'அடுத்த பறப்புக்கு முன்' என்றே போட்டிருக்கும். இது அவ்வளவு அவசரம் இல்லை, கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

இந்த வேலை வந்தால் நான் கூடுதல் கவனமாகிவிடுவேன். மற்ற அமைப்புகள் எல்லாம் தினமும் ஓடுகின்றன. ஆயில் பம்ப் தளர்ந்தால் கேஜ் இறங்கும், கியர்பாக்ஸ் தேய்ந்தால் ஆயிலில் உலோகத் துகளைப் பிடிக்கும் சிப் டிடெக்டர் சொல்லும், விமானி வந்து 'மேடம், கொஞ்சம் அதிருது' என்பார். ஃபயர் பாட்டில் மட்டும் ஓடுவதே இல்லை. பல மெஷின்களில் அது ஆயுள் முழுக்க ஒருமுறைகூட வேலை செய்யாது. கெட்டுப்போயிருந்தாலும் பறப்பில் யாருக்கும் தெரிய வராது. நாம் திறந்து பார்த்தால்தான் உண்டு.

20 ஜூன், வியாழன்

இன்ஜினை மூடியிருக்கும் கவுலிங்கைக் கழற்றி வைத்தோம். பாலக்கோட்டுத் தம்பி அப்ரென்டிஸாகச் சேர்ந்த பிறகு இந்த இடத்தை முழுசாகத் திறந்து பார்ப்பது இப்போதுதான். அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

இரண்டு இன்ஜின்களுக்கு நடுவிலும், கேபினுக்கும் இன்ஜினுக்கும் இடையிலும் ஃபயர்வால் இருக்கும். டைட்டானியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு. சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் சுடரை 15 நிமிடம் தாங்க வேண்டும் என்பது அதற்கான அளவுகோல். அந்த 15 நிமிடத்துக்குள் தீ அணைய வேண்டும், அல்லது ஹெலிகாப்டர் தரையில் இருக்க வேண்டும். அதனால்தான் ஃபயர்வாலில் குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றிப் பூசியிருக்கும் சீலன்ட் ஒரு இடத்தில் உதிர்ந்திருந்தாலும் விடக் கூடாது.

இன்ஜினைச் சுற்றி லூப் ஓடுகிறது. பால்பாயின்ட் ரீஃபில் பருமனில், சூடு தாங்கும் இன்கோனல் என்ற உலோகக் கலவையில் ஒரு குழாய். நடுவில் ஒயர், அதைச் சுற்றிப் பீங்கான் மாதிரி ஒரு பொருள். சூடு ஏறினால் அந்தப் பொருளின் மின்தடை சட்டென்று இறங்கும். காக்பிட்டில் சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். விமானி எந்த இன்ஜின் என்று உறுதி செய்துகொண்டு ஃபயர் ஹேண்டிலை இழுப்பார். எரிபொருள் வால்வு மூடும், பாட்டில் வெடிக்கத் தயாராகும். பாட்டிலுக்குள் தீயை அணைக்கும் ஹாலோன் 1301 வாயு, அதைத் தள்ளுவதற்கு நைட்ரஜன். கழுத்தில் இருக்கும் ஸ்க்விப் ஒரு சின்ன வெடிமருந்துத் தோட்டா. அதற்குள் மின்சாரம் பாய்ந்தால் வெடித்துப் பாட்டிலின் மூடியைக் கிழிக்கும், ஹாலோன் வெளியே பாயும். இன்ஜின் அறையின் எல்லா மூலையிலும் ஒரே நேரத்தில் காற்றில் 6 சதவீதம் ஹாலோன், குறைந்தது அரை நொடி நிற்க வேண்டும். எல்லாப் பாடும் அந்த அரை நொடிக்காகத்தான். முதல் பாட்டிலில் அணையாவிட்டால் இரண்டாவதையும் அதே இன்ஜினுக்குள் அடிக்கலாம்.

ஒற்றை இன்ஜின் சின்ன ஹெலிகாப்டர்கள் பலவற்றில் இந்தப் பாட்டிலே கிடையாது. எரிபொருளை மூடிவிட்டு இறங்க வேண்டியதுதான். இருக்கிற மெஷினிலாவது அதைச் சரியாக வைத்திருப்பது நம் கடமை.

மேஜையில் பாட்டிலை வைத்ததும் தம்பி, "அக்கா, பிரஷர் கம்மியா காட்டுதே" என்றான். நல்ல கண். நேற்றிரவு தூறல், ஹேங்கர் குளிர்ந்திருந்தது. கேஜில் தெரியும் எண்ணை மட்டும் படித்தால் போதாது. பாட்டிலுக்குப் பக்கத்தில் வெப்பநிலையைப் பார்த்து, மேனுவலில் உள்ள அட்டவணையில் அந்த டிகிரிக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒப்பிட வேண்டும். 21 டிகிரியில் 600 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய பாட்டில் தர்மபுரி மே மாத வெயிலில் ஒன்று காட்டும், ஓசூர் ஜூன் காலையில் வேறொன்று காட்டும். அட்டவணைப்படி பிரஷர் சரி. அப்புறம் தராசில் வைத்து, உடம்பில் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிட்டோம். அதுவும் சரி.

22 ஜூன், சனி

இன்று ஸ்க்விப். பேட்டரியைக் கழற்றியாச்சு, கையில் கிரவுண்டிங் பட்டை, செல்போன்கள் எல்லாம் ஹேங்கர் வாசலில் ஒரு டப்பாவில். கனெக்டரை உருவியதும் ஸ்க்விப் முனைகளில் ஷார்ட்டிங் கேப் போட வேண்டும். உடம்பில் சேரும் ஸ்டாட்டிக் மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம். சாதாரண மல்டிமீட்டரை அதன் மேல் வைக்கவே கூடாது, மீட்டர் அனுப்பும் கரன்ட் போதும் விபத்துக்கு. அதற்கென்று மிகக் குறைந்த கரன்ட் அனுப்பும் தனி டெஸ்டர் இருக்கிறது. ஸ்க்விப்புக்கு ஆயுள் தேதியும் உண்டு. தயாரித்த தேதி, பொருத்திய தேதி இரண்டையும் லாக்புக்கோடு ஒப்பிட்டேன்.

ஏ.டி.யின் முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு ஸ்க்விப். ஒன்று இடது இன்ஜினுக்கு, ஒன்று வலதுக்கு. கனெக்டர்கள் அருகருகே இருக்கின்றன. மாறிப் போகாமல் இருக்கத் தயாரிப்பாளர்கள் காடியை வேறு வேறாக வைப்பார்கள், ஒயர் நீளத்தைக் குறைப்பார்கள், நிறப்பட்டை ஒட்டுவார்கள். ஆனால் கனெக்டர் அழகாகப் பொருந்தியிருக்கிறது என்பதால் அதற்குப் பின்னால் இருக்கும் ஒயர் சரியான ஊசிமுனையில், அதாவது பின்னில்தான் இருக்கிறது என்று ஆகிவிடாது. ரிப்பேர் சமயத்தில் பின் மாற்றிச் சொருகியிருந்தால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால் ஹேண்டிலிலிருந்து பாட்டில் வரை முழு வழியையும் நிரூபிக்கச் சொல்கிறார்கள்.

ஸ்க்விப் இருந்த இடத்தில் டெஸ்ட் விளக்குகளை மாட்டினோம். காக்பிட்டில் மின்னணுக் கருவிகளைப் பார்க்கும் ஏவியானிக்ஸ் சார். தேன்கனிக்கோட்டைக்காரர், வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், ஸ்டோரில் கன்னடம். பாட்டில் பக்கம் நானும் தம்பியும். முதல் பாட்டில் மெயின், இரண்டாவது ரிசர்வ். "லெஃப்ட், மெயின்" என்று சார் குரல் கொடுப்பார். விளக்கு எரிந்ததும் நான் எந்த விளக்கு என்று திருப்பிச் சொல்வேன். அவர் சொல்வதை அப்படியே நான் ஒப்பிக்கக் கூடாது, கண்ணில் பட்டதைத்தான் சொல்ல வேண்டும். பிறகு லெஃப்ட் ரிசர்வ், ரைட் மெயின், ரைட் ரிசர்வ். எல்லாம் சரியாக வந்தது.

தம்பி கேட்டான், "இவ்ளோ பார்க்கணுமாக்கா, ஹேண்டில்லயே லெஃப்ட் ரைட்னு எழுதியிருக்கே?" அவனுக்கு கெக்வொர்த் விபத்தைச் சொன்னேன். 1989 ஜனவரி 8, இங்கிலாந்து, போயிங் 737-400. பழுதானது இடது இன்ஜின். விமானிகள் அணைத்தது வலது இன்ஜினை. 47 பேர் இறந்தார்கள். அங்கே ஒயர் மாறவில்லை, புரிதல் மாறியது. ஆனால் நல்ல இன்ஜினை நிறுத்திவிட்டுக் கெட்ட இன்ஜினோடு பறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு பாடம் வேண்டாம். இங்கே ஒயர் மாறியிருந்தால் விமானி சரியான ஹேண்டிலை இழுத்தும் ஹாலோன் எரியாத இன்ஜினுக்குப் போகும். அவர் செய்தது எல்லாம் சரியாக இருந்தும் தீ எரிந்துகொண்டே இருக்கும். அவன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கடைசிச் சோதனையில் விளக்கை அவனே படித்தான்.

25 ஜூன், செவ்வாய்

லூப் சோதனை. காக்பிட்டில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது. மின்தடை அளவும் வரம்புக்குள்தான். காகிதத்தில் பார்த்தால் எல்லாம் தேறிவிட்டது.

ஆனால் ஒவ்வொரு கிளாம்ப்பையும் திறந்து பார்க்க ஏ.டி. சொல்லியிருக்கிறது. வலது இன்ஜினின் அடிப்பக்கம், கையை முழங்கை வரை விட்டு கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்க்க வேண்டிய மூலை. அங்கே ஒரு கிளாம்ப்பின் உள்ளே இருக்க வேண்டிய மெத்தை தேய்ந்து ஒதுங்கிவிட்டது. குழாய் நேரடியாக உலோகத்தில் உரசியிருக்கிறது. துணியால் துடைத்ததும் பளிச்சென்று ஒரு தட்டையான தழும்பு தெரிந்தது. நகத்தை வைத்து இழுத்தேன், விளிம்பு தட்டியது. ஆழம் அளந்தோம். மேனுவல் அனுமதிக்கும் அளவைத் தாண்டிவிட்டது.

டெஸ்ட் பட்டன் இதைச் சொல்லாது. ஒயர் முனைக்கு முனை அறுபடாமல் இருக்கிறதா என்பதைத்தான் அது பார்க்கிறது. குழாயின் சுவர் பாதி தேய்ந்திருந்தாலும் நடு ஒயர் முழுசாக இருக்கும், விளக்கு எரியும். சுவர் முழுக்கத் தேய்ந்த பிறகு ஈரம் உள்ளே போனால் இல்லாத தீக்கு மணி அடிக்கலாம். மலைக்கு நடுவில் விமானி நல்ல இன்ஜினை நிறுத்திவிடுவார். லூப் அறுந்துபோனால் உண்மையான தீ வரும்போது மணி அடிக்காமலே போகலாம்.

சாயங்காலம் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து போன். சார்ட்டர் புக்கிங் இருக்கிறதாம். "மேடம், டெஸ்ட் லைட் எரியுதுன்னு நீங்களே சொல்றீங்க. அடுத்த செக்ல மாத்திக்கலாமே?" என்றார். அவர் வியாபாரம் அவருக்கு, அதில் தப்பில்லை. "சார், ஏ.டி. அளவுக்கு வெளியே இருக்கு. புது லூப் போடாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். மேலதிகாரியிடம் பேசுகிறேன் என்றார். பேசட்டும். கேட்டால் மேலதிகாரிக்கும் தழும்பின் படத்தைக் காட்டுவேன். டர்பைன் ஹெலிகாப்டர் பராமரிப்புக்கான பி1.3 லைசென்ஸில் என் பெயர் இருக்கிறது, லாக்புக்கில் வரப்போவதும் என் பெயர்தான்.

27 ஜூன், வியாழன்

லூப் இன்னும் வரவில்லை. பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டதாம்.

மதியம் சட்டசபையில் முதல்வர் ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் வரும் என்று அறிவித்திருக்கிறார், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் கையாளும் அளவில். கேன்டீனில் எல்லோரும் அதையேதான் பேசினார்கள். சந்தூரிலிருந்து அப்பா போன் செய்தார். மாங்காய் இந்த வருஷம் காய்ப்பே இல்லை என்பதைச் சொல்ல எடுத்தவர், "ஏம்மா, இனி உனக்கு வேலை பக்கத்துலயே இருக்கும்ல?" என்று அதற்குத் தாவிவிட்டார். வரட்டும், சந்தோஷம்தான். ஓடுதளத்தோடு சேர்த்து இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பராமரிப்புப் படிப்பும் வர வேண்டும். பாலக்கோட்டிலிருந்தும் பர்கூரிலிருந்தும் வருகிற பிள்ளைகளுக்குக் கை நன்றாக இருக்கிறது. மேனுவலைப் பொறுமையாகப் படிக்கப் பழக்க ஆள்தான் வேண்டும்.

தம்பி இன்று கேட்ட இன்னொரு கேள்வி: ஹாலோன் ஓசோனைக் கெடுக்கிறது என்றால் ஏன் இன்னும் வைத்திருக்கிறோம்? 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு வளர்ந்த நாடுகளில் 1994இலும் மற்ற நாடுகளில் 2010இலும் உற்பத்தி நின்றுவிட்டது. இன்ஜின் அறையில் இவ்வளவு குறைந்த எடையில் இவ்வளவு வேகமாக வேலை செய்யும் மாற்று எளிதில் அமையவில்லை. அதனால் பழைய இருப்பைச் சுத்தம் செய்து மறுபடி நிரப்புகிறார்கள். சோதனை என்ற பெயரில் ஒரு பாட்டிலைக்கூட வீணாக வெடிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

29 ஜூன், சனி

நேற்று இரவு லூப் வந்து சேர்ந்தது. அத்திப்பள்ளியில் லாரி நெரிசல், டிரைவர் அண்ணன் சாப்பிடாமல் வந்திருந்தார்.

காலையில் பொருத்தினோம். வளைவுகளை மேனுவல் சொல்லும் ஆரத்துக்குக் குறையாமல் கையாலேயே வளைக்க வேண்டும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் உள்ளே பீங்கான் நொறுங்கும். அந்த ஒரு கிளாம்ப்போடு நிறுத்தாமல் அந்தப் பக்கத்துக் கிளாம்ப் எல்லாவற்றையும் புதிதாகவே போட்டேன். ஏ.டி. அதைக் கேட்கவில்லை. ஒரே வயது மெத்தைகள், ஒரே சூட்டில் இருந்தவை, ஒன்று போனால் மற்றதும் தாமதமில்லை. நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு இறுக்கி, அவை தளராமல் இருக்க சேஃப்டி ஒயர் முறுக்கி, டெஸ்ட் பட்டன், மின்தடை, இன்சுலேஷன் எல்லாம் மறுபடி. ஸ்க்விப்புகளைத் திரும்ப மாட்டும்போது ஏவியானிக்ஸ் சார் தனியாக வந்து நிறப்பட்டையையும் எண்ணையும் படித்துப் பார்த்து இரண்டாவது கையெழுத்துப் போட்டார்.

தரையிலேயே இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் கிரவுண்ட் ரன் முடிந்து, கவுலிங் திறந்து இன்னொரு பார்வை. உரசல் இல்லை. லாக்புக்கில் ஏ.டி. எண், செய்த வேலை, மாற்றிய பாகத்தின் எண், பறப்பு மணி எல்லாம் எழுதினேன். பழைய லூப்பையும் தேய்ந்த கிளாம்ப்பையும் டேக் போட்டு, படத்தோடு தயாரிப்பாளருக்கு அனுப்ப வைத்திருக்கிறோம். அதே மூலையில் வேறு எங்கேயாவது இப்படித் தேய்ந்திருந்தால் அவர்களுக்கு இது உதவும்.

வாடிக்கையாளரின் விமானி மதியம் வந்தார். பழைய லூப்பைக் கையில் வாங்கித் தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். "இதோடயா நான் ஏற்காட்டுக்குப் போயிட்டு வந்தேன்?" என்றார். ஆமாம் சார் என்றேன்.

இரண்டாவது மெஷின் செவ்வாய்க்கிழமை உள்ளே வருகிறது. கிளாம்ப்புகளுக்கு இப்போதே ஆர்டர் கொடுத்துவிட்டேன்.