எட்டு வரிப் பெட்டி

மதுரையில் ஒரு நாளிதழின் டெஸ்கில் பதினாறு வருஷம் உதவி ஆசிரியராக இருந்தேன். அதில் ஒன்பது வருஷம் ‘இன்று’ பெட்டி என் பொறுப்பு. இரண்டாம் பக்கத்தில், தங்கம் விலைக்கும் வைகை அணை நீர்மட்டத்துக்கும் நடுவே எட்டு வரி. அந்தத் தேதியில் பிறந்தவர், மறைந்தவர், நடந்த சம்பவம். புதிதாகச் சேர்பவர்கள் தலையில்தான் அதைக் கட்டுவார்கள். அவர்களும் ஆறு மாதத்தில் அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டு அரசியல் பக்கத்துக்குப் போய்விடுவார்கள். நான் போகவில்லை. விளையாட்டுச் செய்தி பார்த்த அண்ணன் ஒருவர் என்னைச் ‘செத்தவங்க கணக்குப்பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பத்திரிகை டெஸ்கில் ‘நேற்று’ என்றால் இன்று, ‘இன்று’ என்றால் நாளை. சாயங்காலம் நடந்த விபத்தை ராத்திரி எட்டு மணிக்கு எழுதும்போது ‘நேற்று’ என்றுதான் எழுதுவோம். படிப்பவர் கைக்குப் பேப்பர் காலையில்தானே போகும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. “இன்னைக்கு அமாவாசையா?” என்று அம்மா கேட்டால் எந்த இன்னைக்கு என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

பெட்டிக்கு மூலதனம் ஒரு பழைய பேரேடு. எனக்கு முன்னால் இருந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி வந்தது. காலிகோ அட்டை, 366 பக்கம், ஒரு பக்கத்துக்கு ஒரு தேதி. பிறந்தவர்கள் நீல மையில், மறைந்தவர்கள் சிவப்பில். சில பக்கங்களில் இடமே இருக்காது, ஓரத்தில் பக்கவாட்டில் எழுதியிருப்பார்கள். டீ கிளாஸ் வைத்த வட்டம் பட்ட பக்கங்களும் உண்டு. காந்தி ஜெயந்தி பக்கத்தில் இரண்டு வட்டம்.

பிப்ரவரி 29-ல் இரண்டே பெயர். மொரார்ஜி தேசாய் 1896, ருக்மிணி தேவி அருண்டேல் 1904. ருக்மிணி தேவி தொடங்கிய நாட்டியப் பள்ளியான கலாக்ஷேத்ரா என்றதும் சென்னை ஞாபகம்தான் வரும், ஆனால் அவர் பிறந்தது எங்கள் மதுரையில். ஒரு ராத்திரி இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: 1900 நூறால் வகுபடும், நானூறால் வகுபடாது, அதனால் லீப் வருஷம் இல்லை. ஆக, மொரார்ஜி பிறந்த தேதி அவருக்குத் திரும்பி வர எட்டு வருஷம் ஆகியிருக்கிறது. அது முதன்முதலாக வந்த நாளில்தான் ருக்மிணி தேவி பிறந்திருக்கிறார். பின்னால் 1977-ல், பிரதமராக இருந்த அதே மொரார்ஜி இவரைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிற்கச் சொல்லிக் கேட்டதும், இவர் மறுத்ததும் தெரிந்த கதை. எட்டு வரியில் இது அடங்கவில்லை. பெயரும் வருஷமும் மட்டும் போட்டேன். இன்றைக்கும் அது ஒரு குறைதான்.

சரி, தப்பு செய்த கதைக்கு வருகிறேன். நவம்பர் 7.

அந்தத் தேதி எனக்கு எப்போதுமே தலைவலி. 1867-ல் வார்சாவில் மேரி க்யூரி, 1888-ல் திருச்சியில் சி.வி. ராமன், 1954-ல் பரமக்குடியில் கமல்ஹாசன். முதல் இருவருமே இயற்பியல் நோபல் வாங்கியவர்கள், 1903-லும் 1930-லும். படம் வைக்க இடம் ஒன்றுதான். சர்க்குலேஷன்காரர் எட்டிப் பார்த்து, “கமல் படத்தை வைங்க சார், ராமநாதபுரம் பக்கம் நாலு பேப்பர் கூட ஓடும்” என்றார். கமலையே வைத்தேன், ராமனுக்கும் க்யூரிக்கும் ஆளுக்கு இரண்டு வரி. எல்லாம் அடங்கிவிட்டது என்று பக்கத்தை அனுப்பிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

காலை ஏழு மணிக்கு ஆபீஸ் போனில் வந்த அழைப்பு என் வீட்டுக்கு மாற்றப்பட்டது. வயதான குரல், கோபமே இல்லை. “தோழர், இன்னைக்குப் புரட்சியைக் காணோமே?”

அக்டோபர் புரட்சியை அக்டோபர் 25-லேயே போட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். பேரேட்டில் அப்படித்தான் இருந்தது. பெயரிலேயே அக்டோபர் இருக்கும்போது சந்தேகம் எங்கிருந்து வரும்? அவர் சிரித்துவிட்டு நிதானமாகப் பாடம் எடுத்தார். ரஷ்யாவில் அப்போது ஜூலியன் காலண்டர். மற்றவர்கள் கணக்குக்கு 13 நாள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே 1917 அக்டோபர் 25 என்றால் மற்ற இடங்களில் நவம்பர் 7. புரட்சிக்குப் பின் அவர்களும் மாறிக்கொண்டார்கள். 1918-ல் ஜனவரி 31 ராத்திரி படுத்தவர்கள் விழித்தபோது தேதி பிப்ரவரி 14. “நாங்க இப்ப கொடியேத்தப் போறோம். நீங்க பதிமூணு நாள் முந்திட்டீங்க, அவ்வளவுதான்” என்று போனை வைத்தார். அன்று மதியமே பேரேட்டில் திருத்தினேன். அடுத்த வருஷம் க்யூரிக்கு ஒரு வரி குறைந்தது.

தேதி என்பது கல்லில் வெட்டியது என்று அதுவரை நினைத்திருந்தேன். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் சந்தேகம். ஆபீஸில் பிறந்தநாளுக்கு கேக் வெட்டும் வழக்கம் வந்தபோது எல்லோருடைய தேதியையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். ஒரு அறையில் 23 பேர் இருந்தாலே யாராவது இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாளாக இருக்கப் பாதிக்கும் மேல் வாய்ப்பு என்று கணக்குப் படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் பட்டியலில் அந்தக் கணக்குக்கே வேலையில்லை. மெஷின் செக்‌ஷனில் மட்டும் மூன்று பேர் ஜூன் 1.

அதில் ஒருவர் உசிலம்பட்டிப் பக்கம். கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது: “அது வாத்தியார் போட்ட தேதிண்ணே. வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னாரு. தொட்டுட்டேன். அஞ்சு வயசுன்னு எழுதிட்டாரு. எங்கம்மாவக் கேட்டா, அழகர் ஆத்துல எறங்குன மறுநாள் பொறந்தேன்னு சொல்லும்.” அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமிக்கு. அது இங்கிலீஷ் தேதியில் வருஷத்துக்கு வருஷம் நகரும். அவருக்கு நிஜப் பிறந்தநாள் ஊரே வைகைக்குள் நிற்கும்போது வருகிறது, நாங்கள் கேக் வெட்டுவது ஜூன் மாத வெயிலில். (அரசு வேலையில் இருந்திருந்தால் இந்த ஜூன் 1 இன்னும் படுத்தியிருக்கும். முதல் தேதி பிறந்தவர்களுக்கு முந்தின மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு.)

பெட்டியில் எனக்கு மிகவும் கனத்த தேதி செப்டம்பர் 11. 1893-ல் சிகாகோவில் விவேகானந்தர் பேசியது, 1895-ல் வினோபா பிறந்தது, 1957-ல் தலித் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டது, 2001-ல் நியூயார்க் கோபுரங்கள். பரமக்குடியில் சேகரன் நினைவு நாள் என்பதால் அன்றைக்குப் போக்குவரத்து மாற்றம் முதல் பக்கத்திலேயே வந்துவிடும். இத்தனைக்கும் மேல் பாரதி.

பாரதிக்கும் மதுரைக்கும் உள்ள சம்பந்தம் தெரிந்ததே. 1904-ல் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர். அங்கிருந்து சென்னைக்குப் போய் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியர், அதாவது எங்கள் ஜாதி; வந்த தந்திகளை மொழிபெயர்க்கும் வேலை. 1921-ல் திருவல்லிக்கேணியில் அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, ஒன்றரை மணி வாக்கில். இங்கிலீஷ் கணக்கில் அது 12-ம் தேதி. மாநகராட்சிப் பதிவிலும் 12 தான். பொழுது விடிந்தால்தான் மறுநாள் என்ற நம் பழைய கணக்கில் 11. நினைவு நாளை அரசு 11-ல் வைத்திருக்கிறது.

ஒன்றரை மணி எங்களுக்குப் பழகிய நேரம். வெளியூர் எடிஷன் கிளம்பி, சிட்டி எடிஷனின் கடைசிப் பக்கமும் போய், மெஷின் ஓட ஆரம்பித்ததும் தரை லேசாக அதிரும். அந்த நேரத்தில் டெஸ்கில் யாரிடமாவது தேதி கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரு வருஷம் 11-ம் தேதி பாரதியைப் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் 12-ம் தேதிக்கும் ஒரு வரி எழுதினேன். பக்கம் பார்த்த செய்தி ஆசிரியர் பேனாவை எடுத்தார்.

“ஏப்பா, ஒரே ஆளை ரெண்டு நாள் சாகடிப்பியா?”

அடித்துவிட்டார். அந்த இடத்தில் பொடிசாக ஒரு டெண்டர் நோட்டீஸ் போனது.

வேலையை விட்டபோது பேரேட்டைப் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் கொடுத்தேன். அவர் செல்போனை எடுத்துக் காட்டி, “எல்லாம் இதுலயே இருக்கு சார்” என்றார். இருக்கட்டும், மேஜை டிராயரிலாவது போட்டு வை என்றேன். கொடுப்பதற்கு முன்னால் பென்சிலால் இரண்டே இடத்தில் எழுதியிருந்தேன். செப்டம்பர் 11 பக்கத்தில் பாரதி பெயருக்கு எதிரே, ‘அடுத்த பக்கமும் பார்க்க’. 12-ம் தேதிப் பக்கத்தின் உச்சியில், ‘முந்தின பக்கம் பார்க்க’.