வழக்கத்தைவிட என்றால் எந்த வழக்கம்?

கொரோனா காலத்தில் நர்சிங், மருத்துவம், பிசியோதெரபி படித்த பிள்ளைகளின் மனஉளைச்சலை அளக்க நினைத்தவர்கள் பலரும் கையில் எடுத்தது ஜிஎச்க்யூ-12 என்ற பொது நலக் கேள்வித்தாள். 12 கேள்விகள், ஐந்து நிமிட வேலை. ஆனால் அதன் விடைகள் பெரும்பாலும் ‘வழக்கத்தைவிட’ என்ற ஒப்பீட்டில் நிற்கின்றன. 2020 ஏப்ரலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் இருந்தது. 2021 மே மாதத்தில், ஓராண்டாகத் தூக்கம் கெட்ட மாணவி ‘வழக்கத்தைவிட அதிகமில்லை’ என்று குறித்தால், நான்கு விடைகளில் முதல் இரண்டுக்கு 0, பின் இரண்டுக்கு 1 என்ற 0-0-1-1 கணக்கில் அவளுக்குப் பூஜ்யம். பழகிப்போன துயரம் அந்தத் தாளில் நலமாகவே தெரியும்.

மனச்சோர்வு, பதற்றம், மனஅழுத்தம் மூன்றையும் 21 கேள்விகளில் அளக்கும் டாஸ்-21 தாளில் சிக்கல் வேறு. வாய் வறட்சி, மூச்சுத்திணறல், இதயப் படபடப்பு எல்லாம் அதில் பதற்றத்தின் அறிகுறிகள். தொற்று வந்து தேறிய பிள்ளைக்கும், ஆறு மணி நேரம் என்95 கட்டி நின்ற பிள்ளைக்கும் அவை உடம்பின் அறிகுறிகளாகவே இருக்கலாம்.

நீடித்த பேரிடரில், மனஉளைச்சலை அளக்கும் கெஸ்லர் தாளான கே10தான் சிறந்தது என்பதே எங்கள் கருத்து. கடந்த 4 வாரங்களைப் பற்றி 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். மொத்தம் 10 முதல் 50. 20க்குக் கீழே கவலையில்லை, 30ம் அதற்கு மேலும் கடும் உளைச்சல் என்பது பொதுவான பிரிப்பு. இது சல்லடைதான், நோய் நிர்ணயம் அல்ல. முதல் கேள்வி, ‘தகுந்த காரணமில்லாமல்’ களைப்பு வந்ததா என்பது. தமிழாக்கத்தில் அந்த இரண்டு சொற்கள் விடுபட்டால், பிபிஇ போட்டு வார்டில் நின்றவர்கள் எல்லாரும் 5 போடுவார்கள். மொழிபெயர்த்த தாளை, மூலத்தைப் பார்க்காத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பினால் இது பிடிபட்டுவிடும்.

இன்னொரு பிழை, மூன்றாம், ஆறாம் கேள்விகளில். முந்தைய கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்றவர்கள் இவற்றைத் தாண்டிவிடலாம். அப்போது 1 போட வேண்டும். எக்செல் வெற்றிடத்தைக் கூட்டாமல் விட்டுவிடும். மொத்தம் 8 என்று ஒரு வரி கண்ணில் பட்டாலே தாள் முழுவதையும் திரும்பப் பாருங்கள்.

காவிரி டெல்டா மாவட்டங்களுக்கென்று ஒரு கேள்வியைத் தனியாகச் சேர்க்கத்தான் வேண்டும்: வீட்டில் பயிர் சேதம் உண்டா? 2020 நவம்பர் கடைசியில் நிவர் புயல், அடுத்த வாரமே புரெவி புயல், 2021 ஜனவரியில் அறுவடை நேரத்து மழை. சம்பா சாய்ந்து கிடக்கும் வீட்டுப் பிள்ளையின் 4 வாரக் கணக்கை முழுக்கக் கொரோனா தலையில் எழுத முடியாது.

கல்லூரி மூடி, பிள்ளைகள் திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் இருந்தபோது போனும் பொதுச்சொத்து. தம்பியின் ஆன்லைன் வகுப்பு முடிந்த பிறகே அக்கா கைக்கு வரும்; பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பார். அங்கே ‘நம்பிக்கையற்று இருந்தேன்’ என்று யார் குறிப்பார்கள்? கூகுள் படிவத்தை ஒரு வாரமாவது திறந்து வைக்க வேண்டும். மின்னஞ்சல் சேகரிப்பை அணைக்க வேண்டும். ‘எல்லாரும் போட்டாச்சா’ என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியர் கேட்கவே கூடாது. கேட்டால் எண்ணிக்கை ஏறும், உண்மை இறங்கும்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாளான பிஎச்க்யூ-9 வைத்தால் பொறுப்பு கூடுகிறது. அதன் ஒன்பதாம் கேள்வி தற்கொலை எண்ணத்தைத் தொடுகிறது. பெயரில்லாத படிவத்தில் அந்த எண்ணம் உண்டு என்று விடை வந்தால் யாரைத் தேடுவது? ‘என்னை அழையுங்கள்’ என்று எண் மட்டும் தருவதற்கு, விடைகளோடு இணையாத இரண்டாவது படிவம் ஒன்று வேண்டும். அதை அன்றன்றே பார்க்க ஓர் ஆலோசகர் வேண்டும். அப்போது உதவிக்கு அரசின் 104 மருத்துவ உதவி எண் இருந்தது. 2022 அக்டோபர் முதல் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. படிவத்தின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் எண்ணைப் போடுங்கள். முந்தைய இரவே ஒருமுறை அழைத்து, எடுக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.