டீசல் வாங்கப் போன நால்வர்

பாம்பன் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், அரைமணி நேரத்தில் எங்கள் கடையின் ஆறு நாற்காலியும் நிறைந்துவிடும். கடலுக்குப் போக மீன்துறை தரும் டோக்கன் கிடையாது, படகு போகாது, பையன்களுக்கு வேறு போக்கிடமும் கிடையாது. அந்தக் கணினிக் கடையில் மூன்றரை ஆண்டு வேலை பார்த்தேன். காலையில் பாஸ்போர்ட் விண்ணப்பம், ரயில் டிக்கெட், தேர்வாணையப் படிவம். நான்கு மணிக்கு மேல் கணினி விளையாட்டில் நடைபிணங்களைச் சுடும் கூட்டம். மணிக்கு இருபது ரூபாய்.

கடையைத் திறந்ததும் நான் தேடுவது அழிரப்பரைத்தான். உப்புக் காற்றில் கணினிக்குள் இருக்கும் ராம் என்னும் நினைவகப் பலகையின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போகும். திரை கறுப்பாகவே நிற்கும், உள்ளிருந்து பீப், பீப் என்று முனகல் மட்டும் வரும். பலகையைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் அந்தப் பற்களை மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரண்டு முனையிலும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தினால் உயிர் வந்துவிடும். வாடைக்காற்று மாதங்களில் வாரத்துக்கு இரண்டு கணினிக்காவது இந்தச் சிகிச்சை நடக்கும். "ராமேசுவரம் தீவில் ராமுக்கே இந்த நிலைமையா?" என்று முதலாளி ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் நான் சிரிக்க வேண்டும். சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

வால்வ் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட 'லெஃப்ட் ஃபோர் டெட் 2' என்ற விளையாட்டு எங்கள் கடைக்கு வந்தது 2013 கிறிஸ்துமஸுக்கு. அந்த ஒரு நாள் அதை இலவசமாகக் கொடுத்தார்கள். தங்கச்சிமடத்திலிருந்து நான்கு பையன்கள் வந்து இணையத்தில் கணக்குத் தொடங்கிக்கொண்டார்கள். அன்றைய இணைய வேகத்தில் விளையாட்டு முழுவதும் இறங்க மூன்று இரவு ஆயிற்று.

நால்வர் சேர்ந்து ஆட வேண்டிய ஆட்டம் அது. ஒரு பத்திர அறையிலிருந்து அடுத்த பத்திர அறைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் நடைபிணங்கள். அவற்றுள் சில தனி ரகம், அவற்றுக்குப் பையன்களே பெயர் வைத்தார்கள். நீண்ட நாக்கால் சுற்றி இழுப்பவன் நாக்கன். தோளில் ஏறிக்கொண்டு நம்மையே ஓட்டிப்போகிறவன் தோளேறி. வெடித்து மேலெல்லாம் பித்தம் தெளிப்பவன் குண்டன். ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருப்பவள் ஒப்பாரிக்காரி.

முதல் வாரம் எல்லாரும் செத்தார்கள். காரணம் நடைபிணம் அல்ல, முன்னால் ஓடுகிறவன்தான். நாக்கனோ தோளேறியோ பிடித்துவிட்டால் நம்மால் நம்மை விடுவித்துக்கொள்ள முடியாது, தோழன் ஒருவன் வந்துதான் பிரித்துவிட வேண்டும். இருபது அடி முன்னே போய்த் தனியாகக் குண்டுப்பெட்டி பொறுக்குகிறவன் திறமைசாலி இல்லை, மற்ற மூவருக்கும் வேலை வைக்கிறவன். ஆளில்லாத நேரத்தில் நான்காவது நாற்காலியில் உட்காரும் நானே இதைப் பலமுறை செய்திருக்கிறேன் என்பதால் அடித்துச் சொல்ல முடிகிறது.

அடுத்தது, நம் ஆளையே நாம் சுடுவது. கடினநிலையைக் கூட்டக் கூட்டத் தோழனின் குண்டுதான் அதிகம் வலிக்கும். முன்னால் போகிறவன் குனிந்தே நடக்க வேண்டும், பின்னால் இருப்பவன் அவன் தலைக்கு மேலே சுட வேண்டும். குனிந்தால் குறியும் நன்றாக நிற்கும். குண்டன் கைக்கெட்டும் தூரத்தில் வந்தால் சுடாமல் முதலில் தள்ளிவிட வேண்டும். கிட்ட வைத்துச் சுட்டால் பித்தம் நம் மேல்தான். கண் தெரியாது, ஊரே திரண்டு வரும். பீப் அடித்துக்கொண்டே வெடிக்கும் குழாய்க்குண்டை அந்த நேரத்துக்கென்று வைத்திருக்க வேண்டும். கூட்டம் நம்மை விட்டுவிட்டு அந்தச் சத்தத்தின் பின்னால் ஓடும்.

மருந்துக் கணக்குதான் பையன்களுக்குப் பிடிபட நாளாயிற்று. உயிர் நூறு. நாற்பதுக்குக் கீழே போனால் நொண்ட ஆரம்பிப்போம். முதலுதவிப் பெட்டி இழந்ததில் எண்பது சதவீதத்தை மீட்டுத் தரும். ஆகவே எழுபதில் இருக்கும்போது அதைப் பிரிப்பது வீண். மாத்திரை உடனே ஐம்பது தரும், ஆனால் அது கரைந்துகொண்டே போகும். இரண்டு முறை விழுந்து எழுந்தவனுக்குத் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும், மூன்றாவது முறை விழுந்தால் எழ மாட்டான். பெட்டி இருந்தால் அவனுக்குத்தான் முதலில் போட வேண்டும். அது விழுந்த கணக்கையும் அழித்துவிடும்.

ஒரு விஷயத்தை அவர்களிடமிருந்து நான் கற்றுக்கொண்டேன். "இடப்பக்கம் வருகிறான்" என்று கத்துவதில் பயனில்லை. நால்வரும் நான்கு திசை பார்த்து நிற்கும்போது எவனுடைய இடப்பக்கம்? விசைப்படகு டிரைவர் ஒருவரின் மகன் இருந்தான். புறப்பட்ட அறை இருக்கும் திசைக்குக் கரை என்றும், போக வேண்டிய திசைக்குக் கடல் என்றும் அவன் பெயர் வைத்தான். "கரையில் நாக்கன்!" என்றால் நால்வரும் ஒரே பக்கம் திரும்புவார்கள். இரண்டே நாளில் கடை முழுவதும் அந்தப் பேச்சு பரவிவிட்டது.

இதில் 'ஹார்ட் ரெயின்' என்று ஒரு கதை உண்டு. படகில் டீசல் தீர்ந்துவிடுகிறது. நால்வர் கரையிறங்கி, இரண்டு மைல் நடந்துபோய் டீசல் கொண்டுவர வேண்டும். அதைக் கேட்டதும் பையன்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆயுதப் பையைப் படகிலேயே மறந்துவிட்டு இறங்குகிறார்கள் என்றதும் ஒரே சிரிப்பு. நடுவில் ஒரு சர்க்கரை ஆலை வரும், அங்கே ஒப்பாரிக்காரிகள் ஏராளம். அவர்களைச் சீண்டாதபடி டார்ச்சை அணைத்துவிட்டு, அழுகை எந்தப் பக்கம் பெருகுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு, சுற்றி நடக்க வேண்டும். டீசல் கிடைத்தபின் அதே வழியில் திரும்ப வேண்டும். ஆனால் அதற்குள் புயல் வந்து, போன பாதை இடுப்பளவு தண்ணீராகிவிடும். தண்ணீரில் கால் ஓடாது. மழை கொட்டும்போது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அப்போது ஒரு கூரைக்கு அடியில் ஒதுங்கி, மழை விட்டதும் நகர்வதுதான் புத்தி.

இதில் பலருக்குத் தெரியாத சூட்சுமம் ஒன்று உண்டு. போகும்போது எடுக்காமல் விட்ட மருந்துப் பெட்டி, திரும்பும்போது அதே இடத்தில் இருக்கும். கல்லூரிப் பையன்களுக்கு இதை நான் மூன்று முறை விளக்க வேண்டியிருந்தது. டிரைவர் மகனுக்கு ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அலமாரியைத் திறந்தான், நான்கு பெட்டி இருந்தது, ஒன்றையும் தொடாமல் மூடினான். "திரும்பி வர வேண்டாமா அண்ணே?" என்றான்.

அவர்கள் கடைசிவரை ஏற்காத யோசனை ஒன்று உண்டு. மூவர் பத்திர அறைக்குள் வந்துவிட்டார்கள், நான்காமவன் வெளியே விழுந்து கிடக்கிறான், சுற்றிலும் கூட்டம் என்றால் கதவை அடைத்துவிட வேண்டும். அடைத்ததும் அந்தக் கட்டம் முடிந்துவிடும். விழுந்தவன் அடுத்த கட்டத்தில் ஐம்பது உயிரும் ஒரு கைத்துப்பாக்கியுமாக எழுந்து வருவான். பெரிய நட்டமில்லை. வெளியே போனால் நால்வரும் சாவார்கள், கட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும். ஆட்ட விதிப்படி நான் சொன்னதில் ஒரு எழுத்தும் பிழையில்லை. காகிதத்தில் எழுதிச் சுவரிலும் ஒட்டினேன்.

ஒருவனும் கேட்கவில்லை. கதவில் கையை வைப்பார்கள், வெளியே கிடப்பவன் பக்கத்து நாற்காலியிலிருந்தே "அடையுங்கள், அடையுங்கள்" என்று கத்துவான், ஒருவன் போவான். அவனைத் தேடி இன்னொருவன் போவான். கல்லூரிப் பையன்கள் அடைத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் முடித்த கதையை, இவர்கள் மூன்று மணி நேரம் ஆடுவார்கள். முதலாளிக்கு அதில் வருத்தமே இல்லை.

அப்போது மீன்பிடித் தடைக்காலம் 45 நாள், 2017இல்தான் 61 நாளானது. அடுத்த ஆண்டுத் தடைக்காலத்தில், ஏப்ரல் கடைசியில், ஒருநாள் ஆள் குறைந்து நானும் ஆடினேன். கடைசிக்கு முந்தைய கட்டம், கொட்டும் மழை. வழக்கம்போல் நான் முந்தி ஓடி, கதவுக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் விழுந்தேன். மற்ற மூவரும் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார்கள். "சுவரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்" என்றேன். டிரைவர் மகன் திரும்பிச் சுவரைப் பார்த்தான். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். நால்வரும் செத்தோம்.

நான்காவது முயற்சியில்தான் படகு வரும் இடத்துக்குப் போனோம். உணவகத்தின் பெயர்ப்பலகை விளக்கைப் போட்டால் அதுதான் படகுக்குச் சமிக்ஞை. படகில் ஏறியவர் தப்பித்தார், ஏறாதவரின் பெயர் முடிவில் அஞ்சலிப் பட்டியலில் வரும். இந்தப் படத்தைத் தயாரிக்கையில் இத்தனை நடைபிணங்களுக்கு ஊறு நேர்ந்தது என்று ஒரு எண்ணும் போடுவார்கள். அந்த நால்வர் ஆடியபோது அஞ்சலிப் பட்டியல் வந்து நான் பார்த்ததில்லை. ஒன்று, எல்லாரும் ஏறியிருப்பார்கள். இல்லையென்றால் ஒருவரும் ஏறியிருக்க மாட்டார்கள்.

அன்று ஆட்டம் முடிந்தபோது இரவு பத்தரை மணி. மூவரும் சேர்ந்து தர வேண்டியதில் நாற்பது ரூபாய் குறைந்தது. தடைக்காலம் முடிந்து படகு போனதும் தருகிறோம் என்றார்கள். கணக்கு நோட்டில் எழுதிவைத்தேன்.