காஸ்டொரோகாடா: மூன்றாவது வால் நின்றுவிட்டது

இரண்டு மாதமாகச் செய்துவரும் காஸ்டொரோகாடா உருவத்துக்கு ஒருவழியாக வால் பொருந்திவிட்டது.

சீனாவின் உள் மங்கோலியாவில், தாவோஹுகோ என்ற இடத்தில் கிடைத்த புதைபடிவத்திலிருந்து தெரியவந்த விலங்கு இது. சுமார் 16.4 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தில் நீரில் நீந்தித் திரிந்தது. 2006இல்தான் இதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. பாலூட்டிகளுக்கு நெருங்கிய உறவு, ஆனால் இன்றைய பாலூட்டிகளின் கிளையில் சேராது. மூக்கிலிருந்து வால்வரை குறைந்தது 42.5 செ.மீ. என்பதால், உண்மை அளவிலேயே செய்தேன்.

உடம்பு சுலபம். கம்பி, கசக்கிய செய்தித்தாள், மேலே காகிதக்கூழ். முன்கால்களைப் பிளாட்டிபஸுக்கு இருப்பதுபோல் தடிமனாக வைத்தேன். பின்கால் விரல்களுக்கு நடுவே சவ்வு வேண்டும். பசை தடவிய டிரேசிங் பேப்பர் நன்றாகவே அமைந்தது.

வால்தான் படுத்தியது. லத்தீனில் காஸ்டொர் என்றால் பீவர் (தட்டை வாலுள்ள, நீரில் வாழும் கொறிவிலங்கு), காடா என்றால் வால். பெயரை நம்பி, பீவர் படத்தைப் பார்த்துத் தட்டையாக, முழுக்கச் செதிலாகச் செய்துவிட்டேன். அப்புறம் ஆய்வு விவரத்தைப் படித்தால், வாலின் முதல் கால் பங்கில் அடர்ந்த ரோமம், நடுப் பாதியில் செதிலும் ஆங்காங்கே சில முடிகளும், நுனியில் செதிலோடு கொஞ்சம் முடி! உடைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இரண்டாவது வாலில் கூழில் தண்ணீர் அதிகமாகி, காயும்போது குறுக்கே பிளந்தது.

மூன்றாவதற்கு உள்ளே அட்டை, மேலே எம்-சீல். கையில் ஒட்டாமல், அழுத்தினால் பதியும் பக்குவம் வரும்வரை காத்திருந்து, வெங்காயம் வரும் வலைப்பையை நனைத்து அழுத்தினேன். செதில் அச்சாக விழுந்தது. அந்த நிமிடம் அவ்வளவு சந்தோஷம்!

ரோமத்தை இரண்டு அடுக்காக ஒட்டினேன். புதைபடிவத்திலேயே மென்மையான அடிரோமமும் நீண்ட மேல்முடியும் பதிந்திருக்கின்றன. அடியில் பொடியாக வெட்டிய சணல், மேலே பழைய பெயின்ட் பிரஷ்ஷின் முடி. இன்றைய பாலூட்டிகளின் கிளை அல்லாத ஒன்றுக்கே இப்படி ஒரு ரோமப் போர்வை இருந்தது என்பதால்தான் இந்த விலங்கையே தேர்ந்தெடுத்தேன். அதனால் இந்த வேலையில் அவசரமே காட்டவில்லை. நான்கு மாலைகள் போயின.

இனி பற்கள். வழுக்கும் மீனைக் கவ்வ ஏதுவாக, முன்பக்கக் கடைவாய்ப் பற்களின் முனைகள் பின்னோக்கி வளைந்திருக்கும். பல்குத்தும் குச்சியைச் சீவிப் பார்த்தேன், தடிமனாகத் தெரிகிறது. சரி என்று நேற்றுச் சாப்பிட்ட மீனின் முள்ளைக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறேன்.