சொல்லின் கீழ் சொல் நிற்க

எளிய உரைக் கோப்பில் மொழியியல் எடுத்துக்காட்டுகளைத் தருவோர் பலர், மூல மொழிச் சொற்கள் வரும் மூலவரியிலும், அதன் கீழ் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தரும் பொருள்வரியிலும் இடைவெளிகளைத் தட்டித் தட்டியே சொற்களை நேர்நிறுத்த முயல்கிறார்கள். தமிழில் இது பெரும்பாலும் தேறுவதில்லை, ஏனெனில் சமஅகல எழுத்துரு என்று தேர்ந்தாலும் ‘கொ’வும் ‘டி’யும் ஒரே அகலத்தில் அமைவதில்லை.

லேடெக் (LaTeX) என்னும் அச்சமைப்பு மென்பொருளில் இத்தகைய எடுத்துக்காட்டுகளுக்கென உள்ள ஜிபி4ஈ (gb4e) தொகுப்பு இடைவெளியை வெறும் சொல்லெல்லையாகவே கொண்டு, மேல்வரியின் ஒவ்வொரு சொல்லையும் கீழ்வரியின் அதே வரிசைச் சொல்லோடு இணைத்து, அகலத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுனில் (Markdown) அப்படி எதுவும் இல்லை. மார்க்டவுனைப் பிற வடிவங்களுக்கு மாற்றும் பேண்டாக் (Pandoc) மென்பொருள், (@) குறியைக் கண்டு எடுத்துக்காட்டுகளுக்கு ஆவணம் முழுவதும் தொடர் எண் தரும்; நேர்நிறுத்தலுக்கோ அதனோடு சேர்ந்து இயங்கும் வடிகட்டி என்னும் தனி நிரல் வேண்டும்.

பொருள்வரியை எழுதும் முறையை வகுக்கும் லைப்சிக் விதிகளின்படி (Leipzig Glossing Rules) ‘வந்-த்-ஏன்’ என்பதன் கீழ் ‘வா-இறப்பு-தன்மை.ஒருமை’ என வரும்: சிறுகோடுகள் இரு வரியிலும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும், ஒரே விகுதி இரு பொருள் தந்தால் அவற்றுக்கிடையே புள்ளி வேண்டும். ‘தே’யை ‘த்-ஏ’ என உடைப்பது தமிழ்க் கண்ணுக்கு உறுத்துவதால், ‘வந்தேன்’ என்னும் உடையாத வடிவை மேலே தனி வரியாகத் தருவதே முறை என்பது என் கருத்து. பக்கத்தை மிச்சப்படுத்த அந்த வரியை நீக்கும் பதிப்பாசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை.